கேட்டால்தான் சொல்வார்கள்

நாற்பது ஐம்பது வருடங்களுக்கு முந்தைய தமிழ்ச் செய்தித்தாள் ஒன்றை எடுத்து மாவட்டச் செய்திப் பக்கத்தைப் புரட்டுங்கள். மூலையில் நாலு வரிச் செய்தி ஒன்று கிடக்கும். இன்ன ஊரைச் சேர்ந்த இன்னாரின் மனைவி தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்தார். பல இடங்களில் வைத்தியம் பார்த்தும் குணமாகவில்லை. வாழ்க்கையில் விரக்தியடைந்து உயிரை மாய்த்துக்கொண்டார். போலீஸார் வழக்குப் பதிந்து விசாரிக்கின்றனர். ஊரும் பேரும் மாறும், வயிற்றுவலி மாறாது. எழுதிய நிருபர் பொய் சொல்லவில்லை. வீட்டார் ஸ்டேஷனில் சொன்னது அதுதான், எஃப்.ஐ.ஆரில் ஏறியதும் அதுதான். சிலருக்கு உண்மையிலேயே குடல்புண்ணோ கட்டியோ இருந்திருக்கும். ஆனால் ஊர் ஊராக, வருடம் தவறாமல், இத்தனை பேருக்குத் தீராத வயிற்றுவலி எப்படி வந்தது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் மனநோய்க்கென்று இருந்த ஏற்பாடுகள் எல்லாமே சத்தம் போடுகிறவர்களுக்காக ஏற்பட்டவை. சட்டையைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறவர், கண்டவர் மேல் கல்லெறிகிறவர், ராத்திரி முழுக்கத் தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பவர் ஆகியோரை வைத்துக்கொண்டு வீடு தாங்காது, தெருவும் தாங்காது. கொண்டுபோய் விட ஓர் இடம் வேண்டியிருந்தது. சென்னையில் 1794-ல் வாலண்டைன் கோனோலி என்ற கம்பெனி டாக்டர் தொடங்கிய விடுதி அப்படிப்பட்ட இடம்தான். அதன் வழிவந்த மருத்துவமனை 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு கீழ்ப்பாக்கம் என்பது ஊர்ப் பெயராக இல்லாமல் வசவாகிப் போனது. "உன்னையக் கீழ்ப்பாக்கத்துலதான் சேக்கணும்" என்பதைச் சொல்லாத வீடு இல்லை. சினிமாவில் அந்தப் பெயரைச் சொன்னாலே தியேட்டர் சிரிக்கும். அப்படியொரு இடத்துக்கு, சமைத்துப் போட்டுக்கொண்டும் வேலைக்குப் போய்க்கொண்டும் இருக்கிற ஒருவரை யார் அழைத்துப் போவார்கள்? அவரே போக நினைத்தாலும் விடுவார்களா?

மனச்சோர்வுக்காரர் யாருக்கும் தொந்தரவு தருவதில்லை. கூப்பிட்டால் வருவார், கேட்டால் பதில் சொல்வார், பதில் கொஞ்சம் தாமதமாக வரும். சாப்பாடு இறங்காது. குளிக்கக்கூடத் தெம்பு இருக்காது. கல்யாண வீட்டுக்கு வரமாட்டார், வந்தாலும் மூலையில் உட்கார்ந்துவிட்டுப் போவார். வீட்டில் இதற்கு வைத்த பெயர்கள் வேறு. பெண்ணானால் சோம்பேறி, அழுமூஞ்சி, கொடுத்து வைக்காதவள். ஆணானால் துப்புக்கெட்டவன், அல்லது "என்னமோ சாமியாராட்டம் ஆயிட்டான்". பிள்ளை பெற்று ஒரு மாதம் ஆகாதவள் குழந்தையைத் தூக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், பச்சை உடம்பில் ஏதோ காத்துக் கருப்பு அண்டிவிட்டது என்று வேப்பிலையோடு ஆள் வருவார்.

கோயில், தர்கா, சர்ச் எல்லாம் இருந்தனவே, அங்கே போயிருப்பார்களே என்று தோன்றலாம். போனார்கள்தான். ஆனால் அங்கேயும் தங்கவைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் சத்தக்காரர்கள். மனநோயாளிகள் வந்து தங்கும் தமிழ்நாட்டு முத்துசாமி கோயில் ஒன்றில் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் ஓர் ஆய்வு செய்து, 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். அங்கே தங்கியிருந்த 31 பேரைச் சோதித்தார்கள். மருந்து கிடையாது, அன்பான இடம், எளிய கோயில் வேலை, சராசரியாக ஆறு வாரம். நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. கோயிலுக்குக் கிடைத்த நற்சான்றாக இந்த ஆய்வைப் பலர் மேற்கோள் காட்டுவார்கள். அதில் எனக்குப் பட்டது வேறொன்று. அந்த 31 பேரில் 23 பேருக்குச் சந்தேக வகை மனச்சிதைவு, 6 பேருக்கு மாறாட்ட எண்ணங்கள், 2 பேருக்கு மிகையெழுச்சி. மனச்சோர்வு என்று ஒருவர்கூட அந்தக் கணக்கில் இல்லை. சாமியிடமும் சத்தம் போட்டவர்களைத்தான் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

சத்தம் போட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பது தனிக் கதை. தர்காவுக்குப் பேர்போன ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓடமுடியாமல் தீயில் சிக்கினார்கள். 28 பேர் இறந்தார்கள். அந்தச் சங்கிலியின் படம் பத்திரிகைகளில் வந்தது. மனநோய் என்றால் முடிவு இதுதான் என்ற பயம் இன்னும் எத்தனை வீடுகளில் எத்தனை அமைதியான நோயாளிகளின் வாயை அடைத்திருக்குமோ.

அமைதியானவர்கள் அப்போது வேறு வாசல்களில் நின்றார்கள். முதல் வாசல், தெருமுனை டாக்டர். அசதி, தலைபாரம், நெஞ்சடைப்பு, கேஸ் டிரபிள் என்று போவார்கள். சிவப்பு நிறத்தில் பி-காம்ப்ளெக்ஸ் ஊசியும் ஒரு டானிக் பாட்டிலும் கிடைக்கும். அடுத்தது, நரம்புத் தளர்ச்சிக்கான வைத்தியர். மாதத்துக்கு ஒரு தேதியில் இன்ன லாட்ஜில் இன்ன அறையில் இருப்பார் என்று சுவரில் பெயின்ட்டில் எழுதியிருக்கும். ஆண்கள் அங்கே போனார்கள். நரம்புத் தளர்ச்சி என்று சொல்லிக்கொள்வதில் வெட்கம் இருந்தாலும் அவமானம் இல்லை. பெண்கள் குறி கேட்கப் போனார்கள். உட்கார்ந்து சொல்வதைக் கேட்க ஒருத்தர் இருக்கிறார் என்பதே சிலருக்கு மருந்தாக இருந்திருக்கலாம். எனக்கு அதில் இளக்காரம் இல்லை. ஆனால் பூசாரி கடைசியில் ஒரு காரணத்தைக் கையில் கொடுத்து அனுப்புவார்: செய்வினை, அதுவும் உறவிலேயே ஒருத்தி. நோயோடு ஒரு பகையும் வீட்டுக்கு வந்து சேரும்.

மருத்துவர்கள் மட்டும் தெளிவாக இருந்தார்களா? ஆசிய, ஆப்பிரிக்க மக்களுக்கு மனச்சோர்வு அரிதாகத்தான் வரும் என்ற எண்ணம் மேற்கத்திய மருத்துவ உலகில் ரொம்ப நாள் இருந்தது. கூட்டுக் குடும்பம், கர்ம நம்பிக்கை, சிக்கலில்லாத மனசு என்றெல்லாம் அதற்குக் காரணம் சொன்னார்கள். இந்தக் கதையைக் கேள்வி கேட்டவர்களில் மதுரைக்காரர் ஒருவர் முக்கியமானவர்: மதுரை மருத்துவக் கல்லூரியின் மனநலப் பேராசிரியர் ஆ. வெங்கோபராவ். 1960-களிலிருந்தே தன் பிரிவுக்கு வந்த மனச்சோர்வு நோயாளிகளைப் பற்றியும், தற்கொலைக்கு முயன்று பொது வார்டில் சேர்க்கப்பட்டவர்களைப் பற்றியும் அவர் தொடர்ந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். மதுரையை ஒட்டிய பகுதியில் முதியவர்களின் மனநலத்தையும் போய்ப் பார்த்து எழுதினார். நோய் இங்கே இல்லாமல் இல்லை. அது ஆஸ்பத்திரியின் வேறு கதவு வழியாக வந்துகொண்டிருந்தது. பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தால் அவர் இதைக் கண்டிருக்க முடியாது. ஜுரத்துக்கும் சர்க்கரைக்கும் ஆட்கள் வருகிற பெரியாஸ்பத்திரியில் இருந்ததால் கண்டார்.

வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தையும் இந்த இடத்தில் சொல்லவேண்டும். 1957-ல் கனடாவிலிருந்து வந்த டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் தொடங்கியது. நோயாளியை விட்டுவிட்டுப் போக அங்கே அனுமதி இல்லை. வீட்டிலிருந்து ஒருவர் கூடவே தங்கவேண்டும், சமைத்துக்கொள்ளலாம். நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்துப் பூட்டுவதுதான் வைத்தியம் என்று உலகம் நினைத்த காலத்தில் இது சின்ன ஏற்பாடு அல்ல.

மருந்து வந்த கதையிலும் இதே சத்தமும் அமைதியும்தான். சுவிட்சர்லாந்தின் மூன்ஸ்டர்லிங்கன் மருத்துவமனையில் ரோலண்ட் கூன் என்ற டாக்டர் இமிப்ரமின் என்ற புது வேதிப்பொருளை முதலில் மனச்சிதைவு நோயாளிகளுக்குத்தான் கொடுத்துப் பார்த்தார். பலன் இல்லை; சிலருக்குக் கொந்தளிப்பு கூடியதுதான் மிச்சம். பிறகு, ஒரு மூலையில் பேசாமல் கிடந்த மனச்சோர்வு நோயாளிகளுக்குக் கொடுத்தார். எழுந்து உட்கார்ந்தார்கள், சாப்பிட்டார்கள், பேசினார்கள். 1957-ல் கட்டுரை எழுதினார். ஏறக்குறைய அதே சமயத்தில் அமெரிக்காவில் காசநோய்க்காகக் கொடுத்த ஐப்ரோனியாசிட், நோயாளிகளைக் காரணமில்லாமல் உற்சாகப்படுத்துவதைக் கவனித்து அதையும் இந்தப் பக்கம் திருப்பினார்கள். நம் ஊர்ச் சர்ப்பகந்தி வேரும் இந்தக் கதையில் வருகிறது, ஆனால் எதிர்த் திசையில். அதிலிருந்து பிரித்தெடுத்த ரிசர்பினை ரத்தக் கொதிப்புக்குச் சாப்பிட்டவர்களில் சிலர் மனம் சோர்ந்து போனதைப் பார்த்துத்தான், மூளையின் ரசாயனங்களுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்ற யோசனை வலுப்பட்டது.

அந்த முதல் தலைமுறை மாத்திரைகள் வேலை செய்தன. கூடவே வாயை உலரவைத்தன, மலச்சிக்கல் தந்தன, எழுந்தால் தலை சுற்றவைத்தன. அளவு மீறினால் இதயத்தைப் பாதிக்கும் ஆபத்து வேறு. உயிரை விட நினைப்பவர் கையிலேயே ஆபத்தான மருந்தைக் கொடுத்தனுப்ப எந்தத் தெருமுனை டாக்டர் துணிவார்? 1987 கடைசியில் அமெரிக்காவில் ஃபுளூவாக்ஸெட்டினுக்கு அனுமதி கிடைத்ததும் இந்தப் பயம் பெருமளவு குறைந்தது. அந்த வகையைச் சேர்ந்த எஸ்சிட்டலோபிராம் இன்று அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்கிறது. மருந்தின் குணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, எந்த எம்.பி.பி.எஸ். டாக்டரும் நடுக்கமில்லாமல் எழுதலாம் என்பதுதான் வித்தியாசம்.

ஷாக் வைத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்று கட்டிலில் நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, மயக்கம் கொடுக்காமல் கரண்ட் வைத்தது உண்மை. பார்த்தவர்கள் மறக்கவில்லை, சினிமாவும் மறக்கவிடவில்லை. இன்று மயக்க டாக்டர் பக்கத்தில் இருக்க, தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்து, சில நிமிடங்களில் முடித்துவிடுகிறார்கள். மயக்கமில்லாமல் கொடுப்பதை 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. சோறு தண்ணீர் இறங்காமல், பேச்சு நின்று, சாவதைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் கிடப்பவருக்கு மாத்திரை வேலை செய்யும்வரை காத்திருக்க முடியாது. அங்கே இன்றும் சீக்கிரம் பலன் தருவது இதுதான். "ஷாக்கா? வேண்டவே வேண்டாம்" என்று சொல்கிற உறவினர்களைக் குறை சொல்லவும் முடியாது, அவர்கள் சொல்கிறபடி விடவும் முடியாது.

இன்று எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தென்மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றின் மனநலப் புறநோயாளிப் பிரிவில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் மகளோடு வந்தார். பொது மருத்துவப் பிரிவிலிருந்து அனுப்பியிருந்தார்கள். கையில் மஞ்சப்பை. அதிலிருந்து வயிற்று ஸ்கேன், எண்டோஸ்கோபி, இரண்டு ஈ.சி.ஜி., பாதி தின்ற கேஸ் மாத்திரை அட்டைகள் என்று மேஜையில் ஒவ்வொன்றாக வந்தன. டாக்டர் இளம்பெண்.

"என்னம்மா செய்யுது?"

"வயிறு எரியுது தாயி. சாப்பிட்டா நெஞ்சுக்குள்ளயே நிக்கிது. தலை பாரம், கை காலெல்லாம் அசதி."

"எத்தனை நாளா இருக்கு?"

"அது ஆச்சு, ஆறேழு மாசம்."

டாக்டர் ரிப்போர்ட்டுகளை ஒருமுறை புரட்டிவிட்டு ஓரமாக வைத்தார். "காலையில எத்தனை மணிக்கு முழிப்பு வருது?"

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். வயிற்றுக்கு வந்த இடத்தில் இதென்ன கேள்வி என்பது போலிருந்தது. "மூணு மணிக்கெல்லாம் முழிச்சிருவேன். அப்புறம் பொட்டுத் தூக்கம் கிடையாது. விடியுறதுக்குள்ள செத்துப் பொழைப்பேன்."

"சாயங்காலம்?"

"பொழுது சாஞ்சா கொஞ்சம் தேவலை."

"முன்னெல்லாம் எது செஞ்சா உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்?"

"ரெண்டு ஆடு வச்சிருந்தேன். அதுககிட்டப் பேசிக்கிட்டே கெடப்பேன். சீரியல் பாப்பேன். இப்ப எதுலயும் மனசு ஓடல தாயி. பேரன் வந்து மடியில உக்காந்தாக்கூட, எந்திரிச்சுப் போடான்னுதான் இருக்கு." சொல்லி முடிக்கும்போதே முந்தானை முகத்துக்குப் போய்விட்டது.

மகள் திகைத்து நின்றாள். "எங்ககிட்ட இதெல்லாம் சொல்லவேயில்லையேம்மா?"

"நீங்க யாரு கேட்டீங்க?"

டாக்டர் அடுத்து, செத்துப்போயிடலாம் என்று நினைப்பு வருமா என்று நேராகவே கேட்டார். மகள் பதறினாள். இப்படிக் கேட்பதால் இல்லாத நினைப்பு முளைக்காது என்பது ஆய்வுகளில் தெளிவான விஷயம். ஏற்கெனவே இருந்தால், கேட்டவரிடம் இறக்கிவைக்க ஒரு வழி கிடைக்கும், அவ்வளவுதான். அந்த அம்மா கொஞ்ச நேரம் கழித்துத் தலையை ஆட்டினார். "நெனப்பு வரும். பேரன் மூஞ்சிக்காகப் பாக்குறேன்." வீட்டில் யார் கூட இருப்பார்கள், மாத்திரையை யார் எடுத்து வைத்துக்கொள்வார்கள், எப்போது திரும்ப வரவேண்டும் என்பதெல்லாம் அதன்பிறகு மகளோடு பேசி முடிவாயின. தைராய்டுக்கும் ரத்தசோகைக்கும் ரத்தம் எடுக்க எழுதினார். தைராய்டு குறைந்தாலும் இதே அசதி, இதே சோர்வு வரும். அதைப் பார்க்காமல் மனச்சோர்வு மாத்திரை எழுதுவது அரைகுறை வேலை.

முழுவதற்கும் ஆனது பதினைந்து நிமிடத்துக்குள். அதில் எந்தக் கருவியும் இல்லை. எண்டோஸ்கோபியை அந்தக் காலத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள், ஈ.சி.ஜி. அதற்கும் முந்தியது. அதிகாலை விழிப்பைப் பற்றியும் பிடித்தமானவற்றைப் பற்றியும் ஒரு பெண்மணியிடம் கேட்பதற்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

கேள்விகளும் இப்போது வரிசைப்பட்டிருக்கின்றன. 2001-ல் வெளியான பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் உலகம் முழுக்கப் புழங்குகிறது, தமிழிலும் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, மனம் தாழ்ந்து கிடந்ததா, தூக்கம், பசி, களைப்பு, தன்னைப் பற்றிய எண்ணம் எப்படி என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. மொத்தம் 27-ல் 10-ஐத் தொட்டால் கவனிக்கவேண்டும். முதல் இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டே ஆரம்பச் சல்லடை போட்டுவிடலாம். படிவத்தை டாக்டர்தான் நிரப்பவேண்டும் என்பதில்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையை வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-ல் தொடங்கியது. பிரஷர் கருவியோடு திண்ணையில் வந்து உட்காரும் அந்தப் பெண் ஊழியரே இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டுப் போனால், பாதி மஞ்சப்பைகள் தேவைப்படாது என்பது என் கணிப்பு.

சட்டமும் இடம் மாறியிருக்கிறது. அன்று தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் இந்தியத் தண்டனைச் சட்டம் 309-ன்படி குற்றவாளி. ஆஸ்பத்திரி வாசலிலேயே போலீஸ் வரும். அதனால் வீட்டார் முதலில் தயாரிப்பது பொய்யை: தெரியாமல் குடித்துவிட்டாள், வயிற்றுவலி தாங்காமல் செய்துவிட்டாள். 2018-ல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ளவேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்று திருப்பியது. 2024 ஜூலையில் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 309-க்கு நேரான பிரிவே இல்லை. ஆனால் பொய்க்கு ஆயுசு அதிகம். போலீஸ் பயம் போனாலும் சம்பந்தி பயம் இருக்கிறதே.

காதுகொடுத்துக் கேட்பது என்றொரு பழக்கமும் மெல்ல வந்திருக்கிறது. சென்னையில் 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கியபோது, முன்பின் தெரியாதவரிடம் போனில் மனம்விட்டுப் பேசச் சொல்வதே புதுமை. இன்று தமிழக அரசின் 104 உதவி எண்ணுக்கும், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸின் 14416-க்கும் எந்த நேரமும் கூப்பிட்டுத் தமிழில் பேசலாம். அதையும் தாண்டி, நீட் எழுதிய மாணவர்களை 2021-லிருந்து 104 மையமே கூப்பிட்டு "எப்படிப்பா இருக்கே?" என்று விசாரிக்கத் தொடங்கியது. பரீட்சை எழுதிய பிள்ளையிடம் மார்க்கைத் தவிர வேறொன்றை ஒருவர் விசாரிப்பதே பெரிய மாற்றம்.

மாத்திரையைப் பற்றி டாக்டர்கள் சொல்லும் விளக்கம் ஒன்று எனக்கு உறுத்தும். "மூளையில செரட்டோனின் குறைஞ்சிடுச்சு, மாத்திரை அதை நிரப்பும்" என்பார்கள். கேட்பவருக்கு ஆறுதல், குற்றம் தன்னுடையதில்லை, ரசாயனத்தினுடையது. ஆனால் நோய்க்குக் காரணம் செரட்டோனின் குறைவுதான் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2022-ல் வெளியான பெரிய மறுபரிசீலனை ஒன்று சொன்னது. அதற்காக மருந்து வேலை செய்யாது என்று அர்த்தம் இல்லை. மிதமான, கடுமையான நோயில் பலருக்குப் பலன் தருகிறது; எப்படித் தருகிறது என்பது முழுசாகப் பிடிபடவில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், முதல் வாரத்தில் குமட்டலும் படபடப்பும்தான் தெரியும் என்று சொல்லாமல் அனுப்பினால், பத்தாம் நாள் மாத்திரை குப்பைக்குப் போகும். நம் புறநோயாளிப் பிரிவுகளில் அதைச் சொல்ல நேரம் கிடைப்பதில்லை.

பேச்சு வைத்தியத்துக்கு ஆள் இல்லை என்ற குறைக்கும் ஒரு பதில் கிடைத்திருக்கிறது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களிடம் ஆறு முதல் எட்டுத் தடவை பேசச் செய்தார்கள். தத்துவம் பேசுவதில்லை. விட்டுப்போன சின்னச் சின்ன வேலைகளை, ஆட்டுக்குத் தழை ஒடிப்பதோ கோயிலுக்கு நடப்பதோ, மனம் வரும்வரை காத்திருக்காமல் திரும்பச் செய்யத் தூண்டுவது. அப்படிச் செய்யும்போது மனம் பின்னால் வரும். லான்செட் இதழ் 2017-ல் வெளியிட்ட முடிவின்படி, மூன்று மாதத்தில் இவர்களில் 64 சதவீதம் பேர் நோயிலிருந்து மீண்டார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். நம் ஊரில் சுய உதவிக் குழுவை நடத்தும் கெட்டிக்காரப் பெண்களால் இது முடியாதா என்ன?

இவ்வளவு இருந்தும், 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு சொன்னது கசப்பானது. இந்தியப் பெரியவர்களில் 20 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் மனச்சோர்வு வந்திருக்கிறது. நோய் இருப்பவர்களில் 85 சதவீதம் பேர் சிகிச்சையில் இல்லை. டிப்ரஷன் என்ற சொல் மட்டும் காலேஜ் கேன்டீனில் நாளைக்கு நாலு தடவை காதில் விழுகிறது. மேட்ச் தோற்றால் டிப்ரஷன், மொபைலில் சார்ஜ் இறங்கினால் டிப்ரஷன். விளையாட்டாகச் சொன்னாலும் வெட்கம் விட்டுப் போகிறதே என்று நான் இதைக் குறையாகப் பார்ப்பதில்லை. அந்தப் பிள்ளைகள் உண்மையிலேயே முடியாமல் போகும்போது போக ஓர் இடம் உண்டு என்று தெரிந்தவர்கள். அவர்களுடைய அம்மாக்கள்தான் இன்னும் கேஸ் மாத்திரையில் இருக்கிறார்கள். அப்பாக்கள் டாஸ்மாக்கில். ஆணின் மனச்சோர்வு பல நேரம் எரிச்சலாகவும் குடியாகவும் வெளியே வரும். ஊர் குடியை மட்டும் பார்க்கும்.

கொஞ்சமும் மாறாத இடம் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால், அது கல்யாணம். பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதில் நோய் வந்து, மாத்திரையில் நன்றாகத் தேறி, வேலைக்கும் போய்க்கொண்டிருப்பாள். வரன் அமையும். மறுநாளிலிருந்து மாத்திரை நிற்கும். பழைய சீட்டுகள் பீரோவுக்கு அடியில் போகும். தேறிய பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் மருந்தைத் தொடரவேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வந்திருந்தால் இன்னும் நீண்ட காலம், நிறுத்துவதானாலும் படிப்படியாகத்தான் என்பதெல்லாம் வீட்டாருக்கும் தெரியும். மாப்பிள்ளை வீட்டில் மாத்திரை அட்டை கண்ணில் பட்டால் என்னவாகும் என்பது அதைவிட நன்றாகத் தெரியும். ஒரு தடவை வந்தவருக்குப் பிரசவத்தை ஒட்டி மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். அதனால் பிரசவ வார்டுக்கு வரும் பெண்ணிடம் டாக்டர்கள் இதையும் விசாரிக்கவேண்டும் என்கிறார்கள், சிலர் விசாரிக்கவும் செய்கிறார்கள். பக்கத்தில் மாமியார் நிற்பார். "முன்னாடி மனசு சரியில்லைன்னு எப்பவாவது மாத்திரை சாப்பிட்டிருக்கியாம்மா?" என்று கேட்டால், அந்தப் பெண் இல்லை என்றுதான் சொல்லுவாள். விவரம் தெரிந்த நர்ஸ் அக்காக்கள் இந்தக் கேள்வியை மட்டும், எடை பார்க்கவேண்டும் என்று தனியாக உள்ளே கூட்டிப்போய்க் கேட்கிறார்கள்.